ஒரே ஒரு விரலிடுக்கில்

“இதுல எண்ணெய் இருக்கா தீதி?” என்று களிம்பு டியூபைப் பார்த்துக் கேட்டதற்கு நர்ஸ் ரூனா தீதி சிரித்துவிட்டாள், தீவு தீவாக வரும் மருத்துவப் படகான லாஞ்சின் மேல்தளத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, அஷ்டமியின் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “எண்ணெயா? விரலிடுக்கெல்லாம் ஊறி வெந்து கிடக்கு, இவ என்னமோ மீன் பொரிக்கப் போறவ மாதிரி கேக்கறா” என்றாள், “இல்ல தீதி, சும்மாதான் கேட்டேன், இருக்கா?”, “இருக்கும்டி, கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் எண்ணெய் மாதிரி ஏதோ ஒண்ணு, இல்லாட்டி இவ்வளவு வழவழன்னு எப்படி வரும்?”... அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், இல்லவே இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும், ஆனால் ரூனா தீதிக்கு என்ன தெரியும், அவள் கேனிங் டவுன் பக்கத்திலிருந்து வருகிறவள், அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவன், பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறவன், பஸ் ஓட்டப் போனவனுக்காக எந்தப் பெண்டாட்டி தலைக்கு எண்ணெய் வைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்?

நேற்று விளக்கு வைத்த பிறகு அஷ்டமி அந்தக் களிம்பைத் தடவினாள். ஒரே ஒரு விரலிடுக்கில், இடது கையில், நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே, ஒரு கடுகை நசுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு... இன்று காலை நீரேற்றத்தோடு வந்திருக்க வேண்டிய புருஷன் சுபலின் படகு வரவில்லை. சேர்ந்து போன மற்ற இரண்டு படகுகளும் வந்துவிட்டன, கயிறு கட்டியாகிவிட்டது, நண்டுக் கூடைகள் இறங்கிப் போய்விட்டன, அந்த வீட்டுப் பெண்கள் இந்நேரம் தலைக்குக் குளித்து நெற்றிவகிட்டில் குங்குமம் வைத்திருப்பார்கள், அவள் மட்டும் கரைமேட்டில் நிற்கிறாள், கீழே ஆறு வற்றிக்கொண்டே போகிறது, சேறு பளபளவென்று வெயிலில் விரிகிறது. வந்த படகிலிருந்து இறங்கிய ஹரிபதோவைத்தான் கேட்டாள், “அவங்க படகு?”, கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டே “பின்னாடிதான் வந்தாங்க அண்ணி” என்றான், பின்னாடிதான் என்றால் எவ்வளவு பின்னாடி, கூப்பிட்டால் கேட்கிற பின்னாடியா, நேற்றைக்குப் பின்னாடியா, கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் போய்விட்டான், அல்லது அவள் வாயெடுக்கவில்லையோ, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவளே நின்றுவிட்டாளோ... நேற்று விளக்கு வைத்த நேரத்துக்கு அந்தப் படகு எங்கே இருந்தது என்று ஹரிபதோவுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தைத்தான் அவள் கேட்கப் பயந்தாள்.

சுபல் காட்டுக்கு நண்டு பிடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் செய்வது இதுதான், அவள் மட்டுமில்லை, இந்தத் தீவில் புருஷன் காட்டுக்குப் போன எல்லாப் பெண்களும். சங்கு வளையலைக் கழற்றிக் காட்டுத் தெய்வம் வனபீவியின் படத்துக்கு அடியில் வைத்துவிட வேண்டும், குங்குமம் கிடையாது, சீப்பு கிடையாது, சோப்பு கிடையாது, மிளகாய் வறுக்கக் கூடாது, பகலில் கதவைத் தாழிடக் கூடாது, யாரிடமும் சண்டை போடக் கூடாது, உடம்பில் எண்ணெய் படக் கூடாது, அடுப்பில்கூட எண்ணெய் ஏறாது, வேகவைத்ததும் சுட்டதும்தான் சாப்பாடு. புருஷன் இல்லாதவளைப் போலவே இருந்துவிட்டால் காட்டுக்கு அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது, அப்படித்தானே, பெரியவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால் ஐயோ பாவம் இவளுக்கு ஏற்கெனவே யாருமில்லையே என்று திரும்பிப் போய்விடுவார், அவர் பேரைச் சொல்லக் கூடாது, கோடு போட்ட உடம்பு என்றுகூடச் சொல்லக் கூடாது, பெரியவர் என்றால் போதும். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் ஒரு விளையாட்டு மாதிரிதான் செய்தாள், கண்ணாடியில் தன் வெறும் நெற்றியைப் பார்த்துச் சிரித்தாள், மாமியார் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். “ஒரு வீட்டு மருமகளுக்கு என்ன சிரிப்பு பௌமா? நான் இதுல ஒண்ணுகூடத் தவறவிட்டதில்ல. அதனாலதான் என் மனுஷன் கட்டில்ல செத்தான். கட்டில்ல! காய்ச்சல் வந்து, தலமாட்டுல நான் உக்காந்து, வாயில தண்ணி ஊத்தி... இந்தத் தீவுல எத்தன பேருக்கு அந்தக் குடுப்பினை?” என்றாள், புருஷன் செத்ததை இவ்வளவு பெருமையாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் அஷ்டமிக்குத் தெரிந்தது, பிறகு வருஷங்கள் போகப் போக, அந்தப் பெருமை தனக்கும் வேண்டும் என்று அவளே ஆசைப்பட ஆரம்பித்துவிட்டாள், கட்டில், காய்ச்சல், தலைமாட்டில் தான்... வேறு பெண்கள் நகைக்கு ஆசைப்படுவார்கள்.

வெயில் உறைக்கிறது. வீட்டுக்குள் போகலாம், போய் என்ன செய்வது, அங்கே மாமியார் முறத்தை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்... கை எரிகிறது. இடது கை முழுக்க எரிகிறது, வலது கையும் எரிகிறது, ஹாஜா என்றால் இந்த ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் குஞ்சு வலை இழுக்கிற எல்லோருக்கும் வருவதுதான், முதலில் விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறும், ஊறவைத்த அவல் மாதிரி, பிறகு அந்த வெள்ளை உரியும், உள்ளே செக்கச்சிவந்து பிளந்து நிற்கும், அதில் உப்புத்தண்ணீர் படும், பட்டால்... பல்லைக் கடித்துக்கொண்டு வலை இழுப்பாள். கிளம்புகிற அன்றைக்கு விடிகாலையில் சுபல் அந்தக் கையைப் பிடித்துத் தன் முதுகில் வைத்துத் தேய்த்துக்கொண்டான், “ஆகா, முதுகு சொறியறதுக்கு இத விட நல்ல சாமான் கேனிங் சந்தையில கிடைக்காது”, “போ, வலிக்குது”, “வலிக்குதா? சரி, லாஞ்ச் வந்தா காட்டு. வெக்கப்பட்டுட்டு வீட்டுல உக்காராத”, “நீ முதல்ல பத்திரமா வா”, “நான் எங்க போறேன், நண்டு மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளங்கையில் காயமில்லாத இடமாகப் பார்த்து ஒரு தடவை ஊதினான். அந்த ஊதலை நினைத்துக்கொண்டுதான் லாஞ்சுக்கே போனாள். அவன் சொன்னபடி வெட்கப்படாமல் கையைக் காட்டினாள், ஆனால் புடவை கட்டுகிற இடத்தில் இடுப்பைச் சுற்றி ஓடுவதையும், மார்புக்கு அடியில் வேர்த்து வேர்த்துச் சிவந்து கிடப்பதையும் காட்டவில்லை, “வேற எங்கயாவது இருக்கா?” என்று ரூனா தீதி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்தான், பக்கத்தில் ஆண்கள் வரிசை, இல்லை என்று தலையாட்டிவிட்டாள்.

“பழைய சோறு ராத்திரில புளிக்குதுல்ல, அதப் புளிக்க வைக்கிறது ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, அந்த ஜாதிதான் இது. ஈரம் கண்டா விடாது. காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, கைய நல்லாத் துடைச்சுக் காயவிட்டு மெல்லிசாப் பூசு. சரியாப் போச்சுன்னு தெரிஞ்சதும் நிறுத்திடாத, அப்புறமும் கொஞ்ச நாள் போடு, உள்ள பதுங்கி இருக்கும். முக்கியமா கை ஈரமா இருக்கக் கூடாது” என்றாள் தீதி, கை ஈரமா இருக்கக் கூடாதாம், அஷ்டமி அப்போது திரும்பி ஆற்றைப் பார்த்தாள், நான்கு பக்கமும் ஆறு, தீதியும் பார்த்தாள், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, “சரி, முடிஞ்ச வரைக்கும்” என்றாள் தீதி. பச்சைக் கோடு போட்ட சின்ன டியூப், மூடியைத் திருகினால் உள்ளே வெள்ளித் தகடு, அந்தத் தகட்டை உடைக்காமலே எத்தனையோ நாள் வைத்திருந்தாள், கூரை ஓலையில் அரிவாள் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்து, அடுப்பு ஊதும்போது ஒரு பார்வை, பாத்திரம் கழுவிவிட்டு வந்து ஒரு பார்வை, அவன் வரட்டும், வந்த அன்றைக்கே முதலில் தலைக்கு எண்ணெய், அடுத்தது கைக்குக் களிம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு...

பிறகு அந்த வாதாட்டம் ஆரம்பித்தது, யாரிடம் வாதாடினாள், தன்னிடமேதான். எண்ணெய் என்றால் தலைக்கு வைப்பது, கை என்ன தலையா? தலை இல்லை, ஆனால் உடம்பு. எண்ணெய் என்றால் மினுக்கிக்கொள்வதற்கு, இது மருந்து, மருந்துக்குக்கூடவா காடு கோபித்துக்கொள்ளும்? ஆனால் காட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, டியூபில் மருந்து என்று போட்டிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டா முடிவு செய்யும், வழவழப்பு இருக்கிறதா என்றுதானே பார்க்கும்... சரி, எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், இது மிதக்குமா என்று பார்த்துவிடலாம் என்று நேற்று சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, வெள்ளித் தகட்டை உடைத்து, ஒரு துளி பிதுக்கிப் போட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வெள்ளையாக நின்றது, பிறகு ஓரமெல்லாம் கலங்கி, பால் மாதிரி கரைந்தது, மிதக்கவில்லை, மிதக்கவே இல்லை! அவளுக்கு அழுகை வந்துவிட்டது, யாரோ வழக்கில் ஜெயித்துக் கொடுத்த மாதிரி இருந்தது, அந்தச் சந்தோஷத்திலேயே, கையைத் துடைத்துக் காயவைத்து, அப்போதும் முழுக்கையிலும் போடத் துணிச்சலில்லாமல், ஒரே ஒரு இடுக்கில். அம்மா... அந்தக் குளிர்ச்சி. முதலில் சுருக்கென்று ஒரு கடி, பிறகு குளிர்ச்சி, தேய்க்கத் தேய்க்கக் களிம்பே காணோம், தோலுக்குள் இறங்கிவிட்டது, வெறும் வழவழப்பு மட்டும் மிச்சம். அவன் காட்டில் இருக்கிற நாட்களில் அவள் நன்றாகத் தூங்கியதே இல்லை, நேற்று தூங்கினாள், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். இப்போது நினைத்தால் களிம்பைவிட அந்தத் தூக்கம்தான் பயமாக இருக்கிறது.

காலையில் இரண்டு படகு வந்து மூன்றாவது வராமல் போனதும் நேராக வீட்டுப் பின்னால் இருக்கும் குளத்துக்குத்தான் ஓடினாள், கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான், இருந்ததை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும்... சோப்பு போடக் கூடாது. எண்ணெயை எடுக்கச் சோப்பு வேண்டும், சோப்பும் கூடாது, இப்படியும் ஒரு கட்டு உண்டா, தப்பு செய்தவளுக்குத் தப்பைக் கழுவவும் வழி வைக்காமல், யார் போட்டார்கள் இந்தக் கட்டுகளையெல்லாம், ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா, பெண்பிள்ளை என்றால் அவளுக்குக் கையில் ஹாஜா வந்ததே இல்லையா? அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து தேய்த்தாள், எல்லா இடுக்கும் எரிந்தபோதும் அந்த ஒரு இடுக்கு மட்டும் எரியாமல் இருந்தது, ஒரே ராத்திரியில் சமாதானமாகிவிட்டிருந்தது, அதுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது, அது மற்றதைப் போல எரிகிற வரைக்கும் தேய்த்தாள், தோல் கிழிந்து ரத்தம் கசிந்து எரிய ஆரம்பித்ததும் ஒரு நிம்மதி, அப்பாடா, இப்போது எல்லாம் ஒன்றுபோல... “என்ன பௌமா, கையா பாத்திரமா அது, இந்தத் தேய் தேய்க்கற?”, பின்னால் மாமியார், எப்போது வந்தாளோ, “அரிக்குது மா”, “அரிச்சா சொறி. சாம்பலப் போட்டா தோல்தான் போகும். எங்க காலத்துல எல்லாருக்கும்தான் ஹாஜா, நாங்க என்ன லாஞ்ச் லாஞ்சாப் போயி கைய நீட்டினோமா? மஞ்சள அரைச்சுப் பூசிட்டுப் படுத்தோம்”, “அப்ப மஞ்சள் பூசட்டுமா மா?”, “இப்பவா? அவன் காட்டுல இருக்கறப்பவா? கல்யாணப் பொண்ணா நீ?” என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள், ஆனால் திரும்பிப் போகும்போது அவள் பார்வை ஒரு கணம் கூரை ஓலைப் பக்கம் போன மாதிரி இருந்தது, போனதா, இல்லை தனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

ஆறு இப்போது அடிவயிறு தெரிய வற்றிக் கிடக்கிறது. இந்தத் தண்ணீரில் எந்தப் படகும் வராது, வரவும் முடியாது, அதனால் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம், பயத்துக்கும் ஓய்வு நேரம் இருக்கிறது, மறுபடி நீர் ஏறும்போது பயந்துகொள்ளலாம்... எதிர்க்கரையில் காடு, காடு என்று அதைச் சொல்வதே வேடிக்கைதான், இங்கிருந்து பார்த்தால் வெறும் பச்சைக் கோடு, யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே அலட்சியமாக இழுத்துவிட்ட மாதிரி. அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை, சில படகுகளில் பெண்பிள்ளைகளும் போகிறார்கள், புருஷன் தூண்டில் கயிறு விட, பெண்டாட்டி துடுப்புப் பிடிக்க. கேட்க வேண்டும் என்று முதல் வருஷத்திலிருந்து ஒன்று தொண்டையில் நிற்கிறது, கிளம்புகிற அன்றைக்குக் கேட்கலாம் என்றால், படகில் காலை வைத்தவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் அது வழியை மறிப்பது, சரி, திரும்பி வந்ததும் கேட்கலாம் என்றால், வந்த மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே “இந்த வாசனைக்குத்தான்டி உயிரோட திரும்பி வரேன்” என்று கடுகெண்ணெய் மணக்கும் தட்டைப் பார்த்துச் சொல்வான், அந்த நேரத்தில் போய் அடுத்த பயணத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, நடுவில் துலி பிறந்தாள், பிறகு துலிக்குப் பால், பிறகு துலிக்குப் பள்ளிக்கூடம், இப்போது துலி கோசாபாவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், ஆனாலும் கேட்கவில்லை, தொண்டையில் இருப்பதற்கு அது பழகிவிட்டது.

நிழல் நீண்டு கரைமேட்டின் அடுத்த பக்கத்துக்கு வந்துவிட்டது. சேற்றில் சின்னச் சின்னப் பொந்துகளில் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது, ஏற ஆரம்பித்துவிட்டது, பயப்படலாம்... மாமியார் கம்பை ஊன்றிக்கொண்டு வருகிறாள், முந்தானையில் பொரியை முடிந்து கொண்டுவந்திருக்கிறாள், “காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னல, காட்டுக்குப் போனவன் பட்டினின்னா வீட்டுல இருக்கறவளும் பட்டினியா? அப்படி ஒரு விதி நான் கேட்டதில்ல, இந்தா, கைய நீட்டு”, நீட்டக் கூடாத கையை நீட்டிவிட்டாள், பழக்கத்தில் இடது கை, பொரி கொட்டவில்லை. மாமியார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கிழிந்து ரத்தம் காய்ந்த அந்த ஒரு இடுக்கை, அதை மட்டும், பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தாள், சாம்பலுக்கு அடியில் என்ன வாசனை வரும், மருந்து வாசனை வருமா, “போட்டியா?” என்றாள். இப்போது திட்டுவாள், இப்போது தலையில் அடித்துக்கொண்டு கரைமேடு முழுக்கக் கேட்கிற மாதிரி... மாமியார் திட்டவில்லை. உப்பு கூடினால் திட்டுகிறவள், கோழி கத்தினால் கோழியைத் திட்டுகிறவள், முந்தானையின் இன்னொரு நுனியை எச்சிலால் நனைத்து அந்த இடுக்கைத் துடைக்க ஆரம்பித்தாள், அழுத்தி, மறுபடி நனைத்து, மறுபடி அழுத்தி, குழந்தை முகத்தில் அப்பின சோற்றைத் துடைக்கிற மாதிரி, வலி உயிர் போனது, கையை இழுத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் துடைத்து முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி. “யார்கிட்டயும் சொல்லாத” என்றாள் மாமியார், கொஞ்சம் கழித்து, “எங்கிட்டயும் சொல்லாத.” அப்போதுதான் அஷ்டமி நிஜமாகவே பயந்தாள், இத்தனை நேரம் எங்கோ ஒரு மூலையில், இதெல்லாம் தன் மனசின் கோணல், மாமியார் ஒரு அதட்டு அதட்டினால் சரியாகிவிடும் என்று இருந்தது, அந்த மூலையும் போயிற்று.

சத்தம் முதலில் மாமியாருக்குத்தான் கேட்டது, துடைப்பது நின்றது, டுக் டுக் டுக் என்று தொண்டை கட்டின எஞ்சின், வளைவில் முதலில் புகை, பிறகு நீல பிளாஸ்டிக் கூரை, அந்தக் கூரையில் அவள் போட்ட ஒட்டு... சுபல் முன்னால் நிற்கிறான். நிற்கிறான், உட்காரவில்லை, படுக்கவில்லை, நிற்கிறான், கையை ஆட்டுகிறான். “மணல்மேட்டுல ஏறி உக்காந்துட்டோம் மா!” என்று சேற்றில் குதித்ததும் குதிக்காததுமாக அம்மாவிடம்தான் சொன்னான், “நேத்து சாயங்காலம் தண்ணி வத்தறத இந்த நிதாய் பாத்துக்கறேன்னான், பாத்துக்கிட்டே தூங்கிட்டான், கண்ணத் தெறந்து பாத்தா படகு தரையில, ராத்திரி பூரா நண்டெல்லாம் கூடைக்குள்ள, நாங்க படகுக்குள்ள, யாரு யாரப் பிடிச்சாங்கன்னே தெரியல போ! காலையில படகு மெதந்து கிளம்பறதுக்குள்ள இங்க ஆறு வத்திடுச்சு!” அவன் சிரித்தான், மாமியார் சிரித்தாள், கூட வந்த நிதாய் மட்டும் சிரிக்கவில்லை, கண் சிவந்து, எல்லோரையும் தாண்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டான், படகின் ஓரத்தில் கரியும் பாதி எரிந்த துணிப் பந்தமும் கிடந்தன, ராத்திரி பூரா நெருப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சும்மா யார் நெருப்பு வைப்பார்கள்... நேற்று சாயங்காலம். நேற்று சாயங்காலம் என்றுதானே சொன்னான், சாயங்காலம் என்றால் விளக்கு வைப்பதற்கு முன்னாலா, பின்னாலா? கேட்கலாம். இதோ நிற்கிறான், உயிரோடு, சேறு அப்பின முழங்காலோடு, கேட்டால் சொல்லிவிடுவான்.

கேட்கவில்லை. வீட்டு வாசலில் மாமியார் உடனே எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்துவிட்டாள், அவன் குளித்துவிட்டு வருவதற்குக்கூடக் காத்திராமல் அஷ்டமியைக் கீழே உட்காரவைத்து உச்சந்தலையில் உள்ளங்கைக் குழி நிறைய ஊற்றினாள், கடுகெண்ணெய் காதோரம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது, சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தது, “உன் தலையில காக்கா முட்ட வெச்சிருக்கும் பௌமா, பாரு”, குரல் பழையபடி ஆகிவிட்டது, எதுவும் நடக்காத மாதிரி. நடந்ததா? தடவினாள், படகு தட்டி நின்றது. தடவினாள், படகு வந்தும் சேர்ந்தது. ஒரு துளிக்கு ஒரு ராத்திரி என்று காடு கணக்குத் தீர்த்துக்கொண்டதா, இல்லை நிதாய் தூங்கினான், தண்ணீர் வற்றியது, அவ்வளவுதானா, அவ்வளவுதான் என்றால் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும், ஏன் இப்படிக் குளிர்கிறது? களிம்புக்கும் படகுக்கும் சம்பந்தமில்லை என்றால் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை, சீப்புக்கும் இல்லை, சுவர்ப்பக்கம் திருப்பின கண்ணாடிக்கும் இல்லை, அப்படியானால் இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்துகொண்டு அவனை இழுத்துப் பிடித்திருந்தது இவள் கையில்லை, கயிறே இல்லை, அவன் பாட்டுக்குப் போனான், அவன் பாட்டுக்கு வந்தான், ஒரு நாள் வராமலும் போவான், இவள் விரலைக் கூடச் சொறியாமல் இருந்தாலும்... தப்பு செய்துவிட்டோம் என்று காலையிலிருந்து பயந்தது இதைவிடப் பரவாயில்லை போலிருந்தது, அதில் இவளுக்கு ஒரு வேலையாவது இருந்தது.

சுபல் தலையைத் துவட்டிக்கொண்டே எதிரில் வந்து குத்துக்காலிட்டான், துண்டு நனைந்து சொட்டியது, கேட்காமலே அவள் இடது கையை எடுத்துத் திருப்பினான், “ஐயையோ, என்ன இது, போறப்ப இருந்ததுக்கு இப்ப மோசமால்ல இருக்கு. லாஞ்சுல காட்டினியா?”

“காட்டினேன்.”

“மருந்து குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. டியூப்ல.”

“அப்புறம் என்ன, போடலயா?”

தலையில் மாமியாரின் சீப்பு நின்றது. நடு வகிட்டில், அசையாமல், பல் பல்லாகத் தோலில் பதிந்து நின்றது. அஷ்டமி கூரை ஓலையைப் பார்த்தாள், டியூப் அங்கேயே இருக்கிறது, அடிப்பக்கம் கொஞ்சம் நசுங்கி. போட்டேன் என்று சொல்லலாம், போடவில்லை என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மைதான், ஆனால் வாயில் வந்தது இரண்டுமில்லை, உப்புத்தண்ணீரில் இறங்கினால் கை இன்னும் அழுகும் என்று தெரியும், அந்தப் பச்சைக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, துலியை நினைத்தாள், நினைத்தும் நிற்கவில்லை, இப்போது அவன் படகில் காலை வைத்திருக்கவில்லை, தட்டில் சோறு இல்லை, பின்னாலிருந்து கூப்பிடவில்லை, நேருக்கு நேர், அவன் கை அவள் கையைப் பிடித்திருக்கிறது...

“நீ அங்க இருந்து நான் இங்க இருந்தா எப்படிப் போட்டுக்கறது?” என்றாள், குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “உன் கூடவே இருந்தா போட்டுக்கலாம், ஒரு விதியும் கிடையாது. அடுத்த தடவ போறப்ப என்னையும் படகுல ஏத்திக்கோ.”